குதிரையின் முதுகு வலிக்கு டேப் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

என் அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். "பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பத் தர இயலாது" என்று நேற்று இரவு கடைசிப் பதில் வந்தது. கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன், ஆறுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன். குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது பெட்டைக் குதிரை. கொஞ்ச நாளாகவே சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனால் காதைப் பின்னால் மடிப்பாள், வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவாள். பிரஷ் போட்டால் முதுகில் ஒரு இடம் மட்டும் சட்டென்று கீழே இறங்கும். பாய்ச்சலுக்கு விட்டால் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்துத் தத்துவாள். முதுகில் ஏதோ வலி என்று புரிந்து, இணையத்தில் தேட ஆரம்பித்தேன்.

அப்போது கண்ணில் பட்டதுதான் அந்தத் தளம். குதிரைகளுக்கான உடல்நலப் பொருட்கள் விற்கும் தளம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பெயர் போட்டால் வழக்கு என்று வருவார்கள். விளையாட்டு வீரர்கள் தோளிலும் முழங்காலிலும் வண்ண வண்ணமாக ஒட்டிக்கொள்வார்களே, இழுத்தால் நீளும் டேப், அதைக் குதிரைக்கென்று பெட்டி போட்டு "நிபுணர் ஆலோசனை"யோடு சேர்த்து விற்கிறார்கள்.

அந்த நிபுணர் வீடியோ அழைப்பில் வந்தார். அவசரமே படவில்லை. குதிரையின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் பேசிய நேரம் முழுவதும் பெயர் சொல்லியேதான் பேசினார். போனை லாயத்துக்குள் கொண்டுபோகச் சொல்லி, "பிடரி முடியிற இடத்துல இருந்து விரலை மெதுவா பின்னாடி கொண்டு போங்க மேடம், ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம்" என்றார். சேணம் உட்காரும் இடத்துக்கு விரல் வந்ததும் தோல் துடித்தது, முதுகு இறங்கியது. "பாத்தீங்களா, அங்கதான். பாவம், எவ்வளவு நாளா பொறுத்துக்கிட்டு நிக்கிறா" என்றார். லாயத்தில் எல்லோரும் "திமிர் பிடிச்ச குதிரை" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் பாவம் என்று சொன்னதும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அழைப்பு முடிவதற்குள் பணத்தை அனுப்பிவிட்டேன். அரை மாதச் சம்பளம்.

டேப் தோலைத் தூக்கிப் பிடிக்கும், அடியில் ரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும், சில வாரத்தில் பழையபடி ஓடுவாள், ஓடவில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப. இதெல்லாம் அவர் வாயால் சொன்னது. நீல டேப் குளிர்ச்சி, சிவப்பு சூடு, கறுப்பு ஆழமான வலிக்கு, அதனால் மூன்றும் வேண்டும் என்று மூன்றுக்கும் தனித்தனி விலை போட்டார்கள். நிறம் என்பது வெறும் சாயம். எந்த நிறமானாலும் அடிப்படையில் அதே பருத்தித் துணி, அதே நீளும் இழை, அதே அக்ரிலிக் பசைதான்.

பெட்டி வந்தது. மேலே குதிரைப் படம் போட்ட ஸ்டிக்கர். அதன் ஓரம் லேசாகக் கிளம்பியிருந்ததால் உரித்துப் பார்த்தேன், அடியில் மனித முழங்கால் படம்! மனிதர்களுக்கான டேப்பையே ஸ்டிக்கர் மாற்றி விற்றிருக்கிறார்கள். ரோமத்தின் மேல் நிற்க இன்னும் வலுவான பசை வேண்டும். இருந்தாலும் சொன்னபடியே செய்தேன். குளிப்பாட்டி, நன்றாகக் காயவிட்டு, ஈ விரட்டும் ஸ்ப்ரே எதுவும் அடிக்காமல், நுனிகளை வட்டமாக வெட்டி, நுனிப் பகுதியை இழுக்காமல், பசை சூடேறிப் பிடிக்க உள்ளங்கையால் தேய்த்து ஒட்டினேன். முதல் வியர்வைக்கே ஓரம் சுருண்டு, ரோமத்தோடு வைக்கோலில் கிடந்தது.

கேட்டதற்கு, பெட்டியில் உள்ள ஒட்டும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு ஒட்டச் சொன்னார்கள். அடித்தேன். இந்த முறை பிடித்தது, ஆனால் ரோமம் படிந்த திசையிலேயே மெதுவாக உரித்தும்கூட முடி கொத்தாக வந்தது, அடியில் தோல் சிவந்து தடித்துப்போனது. ஈ உட்கார்ந்தாலே சிலிர்க்கிற தோல் அது. அதற்குப் பிறகு டேப் உருளையைக் கையில் பார்த்தாலே சுவரோரம் ஒதுங்கிவிடுகிறாள்.

புகார் சொல்லப் போனால் அந்த நிபுணர் போனையே எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் முதலில் "சரியாகச் சுத்தம் செய்யவில்லை", அப்புறம் "பொறுமையாக இருங்கள்", அப்புறம் "உங்கள் கோரிக்கை குழுவிடம் இருக்கிறது". பணம் திரும்ப என்று சொன்னீர்களே என்றால், அது பிரிக்காத பெட்டிக்கு மட்டுமாம். பிரிக்காமல் குதிரைக்கு எப்படி ஒட்டுவது? அரை மாதச் சம்பளம் வாங்கியவர்கள் இதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

இதற்கிடையில் கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். முதுகை அழுத்திப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கவிட்டார், வட்டத்தில் ஓடவிட்டார், அப்புறம் எக்ஸ்ரே. குதிரைக்கு மார்புப் பகுதியில் பொதுவாக 18 முள்ளெலும்புகள், அதற்குப் பின்னால் 6. ஒவ்வொன்றின் மேலும் முள் போல ஒரு நீட்டல் இருக்கும். சேணம் உட்காரும் இடத்தில் இந்த நீட்டல்கள் நெருங்கி ஒன்றோடொன்று உரசுவதுதான் என் குதிரைக்கு வந்த வலி, கிஸ்ஸிங் ஸ்பைன் என்பார்கள். சேணமும் அவளுக்குக் குறுகலாக இருந்து இரண்டு பக்கமும் அழுத்தியிருக்கிறது. மேலே தோலில் ஒட்டும் துணி உள்ளே உரசும் எலும்பை விலக்குமா? வீடியோவில் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஆனால் அந்த நிபுணர் ஒரு முறைகூட "மருத்துவரிடம் காட்டினீர்களா" என்று கேட்கவில்லை. எனக்குத் தாங்க முடியாதது அதுதான்.

டேப்பே மோசம் என்று நான் சொல்லவில்லை. 1970களில் ஜப்பானின் கென்சோ காசே மனிதர்களுக்காகக் கொண்டுவந்தது அது. காரணம் தெரிந்து சிகிச்சை நடக்கும்போது, பயிற்சி பெற்றவர் கூடுதல் உதவியாக ஒட்டலாம் என்றுதான் மருத்துவரும் சொன்னார். ஆனால் குதிரைகளில் ஆதாரம் ரொம்பக் குறைவு. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் குதிரைகளை ஓடவிட்டு முதுகின் அசைவை அளந்தார்கள், டேப் ஒட்டியதால் சொல்லும்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை. சில வாரத்தில் சரியாகும் என்று எதை வைத்து உறுதி கொடுத்தார்கள்?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு நிதானம் இல்லை. எக்ஸ்ரேக்கு முன்னால் டேப் வாங்காதீர்கள். சேணம் பொருந்துகிறதா, பின்னங்காலில் நொண்டல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்துக்கு நிறம் விலை சொன்னால் அங்கேயே வெளியே வந்துவிடுங்கள். புண், தடிப்பு இருக்கும் தோலில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பணம் திரும்பத் தரும் உறுதியை எழுத்தில் வாங்குங்கள், பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

முழங்கால் படம் தெரியும் அட்டை, சாட் ஸ்கிரீன்ஷாட், ரசீது எல்லாம் என்னிடம் இருக்கிறது. நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டிக்கருக்கு அடியில் வேறு படம் இருந்த பெட்டி வேறு யாருக்காவது வந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.