பிஆர்பியா, லேசரா? வயல்வெளியில் திரியும் முகத்துக்கு எது தோது

மன்னார்குடி வட்டாரத்தில் வயல் வயலாகப் போய்ப் பயிர் பார்க்கிற வேலை எனக்கு. பழைய பருத் தழும்புகளும் வெயிலில் காய்ந்த கன்னமும் சேர்ந்து வயதைக் கூட்டிக் காட்டவே, தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். கெமிக்கல் பீல், ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர், பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே தட்டணு, அதாவது பிளேட்லெட், செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து முகத்துக்குப் போடுவது) என்று மூன்று வழி சொன்னார். நான் எடுத்தது பிஆர்பி.

பீல் செலவு குறைவு. கிளைகாலிக் அமிலம் போன்ற ஒன்றைப் பூசி மேல்தோலை உரிப்பார்கள். முகம் மங்கலாக இருக்கிறது, லேசான கருமை தட்டியிருக்கிறது என்பவர்களுக்கு அதுவே போதும். குழி விழுந்த தழும்புக்கு அது பெரிதாக உதவாது.

லேசர் வேகமான ஆள். தோலில் நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, ஆறும்போது கொலாஜன் என்ற, தோலைத் தாங்கும் புரதம் புதிதாக உருவாக வைக்கிறது. ஆழமான தழும்புக்கு இதுதான் சீக்கிரம் பலன் தரும் என்று மருத்துவரே ஒளிக்காமல் சொன்னார். ஒரு வாரம் போல முகம் சிவந்து, பொருக்குத் தட்டி உதிரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாநிறத் தோலில் சூடு பட்ட இடம் கறுத்துப் போக வாய்ப்பு அதிகம்; கறுத்தால் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் முன்னும் பின்னும் பல வாரம் வெயிலே படக்கூடாது என்பார்கள்.

அங்கேதான் எனக்கு உதைத்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை நாற்றங்கால். அது அறுவடையாகும் முன்பே சம்பா நடவு தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் குறையும், சரி. ஆனால் பயிர் தண்ணீரில் நிற்கும்போது, பயிர் பார்க்கிற அதிகாரி நான் வீட்டில் உட்கார முடியுமா? தை, மாசியில் சம்பா அறுப்பு, அப்புறம் உளுந்து, பயறு. மிச்சம் இருப்பது கத்திரி வெயில். லேசருக்கு ஒதுக்க ஒரு மாதம்கூட என் நாள்காட்டியில் இல்லை. "வண்டியிலேயே சுத்துற வேலையா? அப்ப லேசர் வேணாம்" என்று மருத்துவரும் முடித்துவிட்டார்.

பிஆர்பியில் சூடு கிடையாது. கையில் 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாயில் சுழற்றுகிறார்கள். சிவப்பணு அடியில் தங்கிவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. நடுவில் நூல்போல ஒரு வெள்ளைப் படலம் தெரியும். தட்டணுக்கள் அதை ஒட்டித்தான் செறிந்திருக்கும். ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் தட்டணு இருப்பது இயல்பு. அதைச் சுமார் 10 லட்சத்துக்கு ஏற்றப் பார்ப்பார்கள். நுண்ணிய ஊசிகள் உள்ள பேனா போன்ற கருவியால் முகத்தைக் குத்தி, அதன் மேல் இதைத் தடவுகிறார்கள். தட்டணு விடும் வளர்ச்சிக் காரணிகள் காயம் ஆறுவதைத் தூண்டும். மரத்துப்போகும் கிரீம் பூசியும் நெற்றியில் சுருக்கென்றுதான் இருந்தது. ஓரிரு நாள் சிவப்பு, அப்புறம் சன்ஸ்கிரீனும் முழு ஹெல்மெட்டுமாக வயலுக்குப் போய்விட்டேன். கறுப்பு தட்டும் ஆபத்து இதில் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், லேசரைவிடக் குறைவு.

பலன்? கன்னத்துத் தோல் மிருதுவாகியிருக்கிறது, அகலக் குழிகள் மேலெழும்பியிருக்கின்றன. ஊசி குத்தியது போல ஆழமாக இருக்கும் குறுகிய குழிகள் அப்படியேதான் இருக்கின்றன. இதில் எவ்வளவு என் ரத்தத்தின் வேலை, எவ்வளவு ஊசியின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி மட்டுமே போட்டாலும் கொலாஜன் தூண்டப்படும். அதற்கு மேல் பிஆர்பி எவ்வளவு கூட்டுகிறது என்பதில் ஆய்வுகளே ஒரே குரலில் பேசுவதில்லை. காசு இடித்தால் ஊசி மட்டும் போதுமா என்று தயங்காமல் கேளுங்கள். மாத இடைவெளியில் சில முறை போக வேண்டும், பிறகும் அவ்வப்போது தொடர வேண்டியிருக்கும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் இந்த 'வாம்பயர் ஃபேஷியல்' செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் பதிவு செய்தது. பியூட்டி பார்லரில் சலுகை விலை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஊசி முனையையும் குழாயையும் கண்ணெதிரே புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள், குழாயில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்தில் டெங்கு வந்து எழுந்தவர்கள் தட்டணு எண்ணிக்கை பார்த்துவிட்டே போக வேண்டும்.

லேசரை நான் செய்துகொள்ளவில்லை, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை. சித்தி மகள் கும்பகோணத்தில் வங்கி வேலையில் இருக்கிறாள். காலையில் ஏசிக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவாள். அவள் தழும்பும் ஆழமானது. அவள் கேட்டால் லேசருக்கே போ என்பேன், அதுவும் கார்த்திகை, மார்கழியில்.