பழைய ஆல்டோவா, பழைய போலோவா?

பழைய கார் வாங்கப்போகும் பாளையங்கோட்டை நண்பர் முன் 2013ஆம் ஆண்டு வண்டிகள் இரண்டு: மாருதி ஆல்டோ 800, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஆல்டோவைச் சரிசெய்ய எந்த ஊர் மெக்கானிக்கும் போதும். போலோ பழுதானால் பணப்பை கனமாக இருக்க வேண்டும்.

ஆனால் நான்குவழிச் சாலையில் நாகர்கோவில் போய்வருகிறவருக்குக் கணக்கே வேறு. 2014இல் கார் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில், ஏர்பேக் இல்லாத இரண்டுக்குமே ஐந்துக்குப் பூஜ்ய நட்சத்திரம். ஆல்டோவில் ஆட்கள் உட்காரும் கூடே நிலைகுலைந்தது. போலோவின் கூடு தாங்கியது. இரண்டு ஏர்பேக்குடன் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஏர்பேக் உள்ள போலோ என்றால் என் ஓட்டு அதற்கே. இல்லையென்றால் ஆல்டோ, அதுவும் ஊருக்குள் ஓட்ட மட்டும்.

எதுவானாலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணியைக் குடித்த வண்டியா என்று பாருங்கள். மிதியடியைத் தூக்கி வண்டல் தேடுங்கள். இருக்கைக்கு அடியில் துரு தேடுங்கள். உள்ளே சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால், ஈர நாற்றத்தை மறைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான்.