கரியா, ஜியோலைட்டா, பியூரிஜெனா? மீன் தொட்டி ஃபில்டரில் எதைப் போடுவது

தொட்டியில் பாசி ஏறுகிறது என்றால் பல கடைகளில் முதலில் நீட்டுவது ஆக்டிவேட்டட் கார்பன் பையைத்தான். மஞ்சள் நிறம், வாடை, வைத்தியத்துக்குப் பின் மிஞ்சிய மெத்திலீன் ப்ளூ எல்லாவற்றையும் கரி நன்றாக இழுக்கும். ஆனால் பாசிக்குத் தீனியாகும் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் அதற்குச் சிக்காது. எனவே பாசிக்காகக் கரி வாங்குவது வீண்.

மீன் கழிவில் வரும் அம்மோனியாவுக்கு ஜியோலைட் என்ற கனிமக் கல். புதுத் தொட்டியில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளருமுன்பே மீனை விட்டவர்களுக்கு மலிவான முதலுதவி இதுதான். ஆனால் நம்மூரில் இதற்கு ஒரு வில்லங்கம் உண்டு: கல்லுப்பு. மீன்மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவோம். ஜியோலைட் தன்னிடமுள்ள சோடியம் போன்ற அயனிகளை விட்டுக்கொடுத்துத்தான் அம்மோனியத்தைப் பிடித்துவைக்கிறது. தண்ணீரில் சோடியம் பெருகினால் பண்டமாற்று தலைகீழாகி, பிடித்துவைத்தது திரும்பத் தொட்டிக்கே வரும். ஏற்கெனவே நோயில் கிடக்கும் மீனுக்கு இதுவும் சேர்ந்தால் அவ்வளவுதான். உப்பு போடுமுன் ஜியோலைட்டை எடுத்துவிடுங்கள். இந்தக் குணத்துக்கு ஒரு நன்மையும் உண்டு: தனி வாளியில் உப்புக் கரைசலில் ஊறவைத்து அலசினால் ஜியோலைட்டை மறுபடி பயன்படுத்தலாம். கடல்மீன் தொட்டியில் இது அம்மோனியாவுக்கு உதவாததற்கும் காரணம் அதுவே.

பியூரிஜென் சீகெம் நிறுவனத்தின் செயற்கைப் பாலிமர் மணி. நைட்ரேட்டை நேரடியாக இழுக்காது; கரிமக் கழிவு அழுகி நைட்ரேட்டாக மாறுமுன் அதைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஏறிய நைட்ரேட்டை இறக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் மணிகள் பழுப்பானதும், வாசனை சேர்க்காத ப்ளீச்சும் தண்ணீரும் சமபங்காகக் கலந்து 24 மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) கலந்த நீரில் போட்டெடுத்தால் பழைய வெண்மை திரும்பும். ப்ளீச் வாடை துளி இருந்தாலும் தொட்டிக்குள் போடாதீர்கள். தெளிந்த தண்ணீர்தான் நோக்கம் என்றால் கரியைவிட இதற்கே என் ஓட்டு.

பாஸ்பேட்டுக்கு இரும்பு ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு என இரண்டு வகை உண்டு. பவளத் தொட்டிக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன். அலுமினிய வகையால் மென்பவளங்கள் சுருங்குவதாகப் புகார் உண்டு. கொஞ்சமாகத் தொடங்குங்கள், பாஸ்பேட் சட்டென்று விழுந்தாலும் பவளம் நொந்துபோகும். செடித் தொட்டிக்காரர்களுக்கு இரண்டுமே வேண்டாம். ஒரு கையால் உரம் போட்டு மறு கையால் அதை உறிஞ்சியெடுப்பானேன்?

நைட்ரேட்டைப் பிடிப்பதற்கென்றே தனி ரெசின் மணிகள் விற்கிறார்கள். பெரும்பாலான தொட்டிகளில் அதைத் தண்ணீர் மாற்றுவதே தோற்கடித்துவிடும்: 40 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) உள்ள தொட்டியில், நைட்ரேட் இல்லாத தண்ணீரால் பாதியை மாற்றினால் அன்றே 20. மணி பிளான்ட் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் அதுவும் மெல்ல உறிஞ்சும். சிக்கல் போர் தண்ணீரில்தான். குடிநீருக்கு இந்தியத் தரம் விதிக்கும் வரம்பே லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்; அதைத் தாண்டிய கிணறுகளும் ஏராளம். அப்படிப்பட்ட நீரை எத்தனை முறை மாற்றினாலும் அளவு இறங்காது. டெஸ்ட் கிட்டை முதலில் குழாய்த் தண்ணீரில் பயன்படுத்திப் பாருங்கள். அங்கேயே எண் எகிறினால் ரெசின் அல்லது ஆர்.ஓ.தான் வழி. வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் ரெசினுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கப்பி, மோலி வளர்ப்பவர்கள் மட்டும் ஆர்.ஓ. நீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்தே ஊற்றுங்கள். அவற்றுக்குக் கடினநீர்தான் ஒத்துக்கொள்ளும்.