ஃபுகுவோகா இரவு: இசகாயாவா, யதாயா?

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் வெள்ளி மாலை வெளிநாட்டு ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தால், குடியும் சாப்பாடும் சேர்ந்த கடையான இசகாயாதான் வசதி. 'நொமிஹோதாய்' சொன்னால் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் எவ்வளவும் குடிக்கலாம். கேட்காமலே வரும் சின்னக் கிண்ணம் 'ஒதோஷி'க்கும் காசு உண்டு. புதிதாய் வந்தவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் பேச்சு நம் மேசையைத் தாண்டாது.

நகசு பகுதியின் ஆற்றோர யதாய் வேறு உலகம். தள்ளுவண்டிக் கடை, பத்துப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பன்றி எலும்புச் சாற்றின் ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கும். தோள் இடிக்கும் பக்கத்து ஆள் எந்த ஊர் என்பார். வகுப்பில் வராத ஜப்பானிய மொழி அங்கே எனக்கு வந்தது. ராமென் நூடுல்ஸ் தீர்ந்ததும் 'கயேதாமா' என்றால், மிச்சச் சாற்றில் இன்னொரு பிடி நூடுல்ஸ் விழும். மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். கனமழையென்றால் கடை இராது, அன்று இசகாயாதான்.