உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி: ஆர்.என்.ஏ.வை அளப்பதா, ஐ.எச்.சி. சாயமா?

வடசென்னையில் இருந்துகொண்டு உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளின் மரபணு வெளிப்பாட்டை ஆராய இரண்டு வழிகள் என் முன் இருந்தன. மரபணு செயல்படும்போது உருவாகும் அதன் நகலான ஆர்.என்.ஏ.வைத் திசுவிலிருந்து பிரித்து அளப்பது ஒன்று. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை ஆன்டிபாடி (அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் மூலக்கூறு) கொண்டு ஸ்லைடிலேயே சாயமேற்றிப் பார்க்கும் ஐ.எச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) மற்றொன்று. நான் ஐ.எச்.சி.யைத் தேர்ந்தெடுத்தேன்.

செலவில் ஐ.எச்.சி. மலிவு. ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே வீச்சில் பார்க்க ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்தான் வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது திசு இருக்கும் நிலை. காசிமேட்டிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ காதுக்குக் கீழே வீக்கத்தோடு வருபவருக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும், கட்டி நேராக, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் டப்பாவுக்குள் போகிறது. ஃபார்மலினில் ஆர்.என்.ஏ. துண்டுதுண்டாக உடைகிறது, பாரபின் மெழுகில் பதித்த பிளாக்காக அலமாரியில் கிடக்கக் கிடக்க இன்னும் நொறுங்குகிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் அறுத்த கையோடு உறையவைத்து, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இரவும் பகலும் மின்சாரம் தடைபடாமல் காக்க வேண்டும். இவையோ அரிய கட்டிகள். பழைய பிளாக்குகளைத் தொடாமல் போதுமான எண்ணிக்கை சேராது. புரதங்கள் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. பழைய பிளாக்கிலிருந்து புதிதாக வெட்டிய சீவலை சிட்ரேட் கரைசலில் சூடாக்கினால், பெரும்பாலான மார்க்கர்கள் (நாம் தேடும் அடையாளப் புரதங்கள்) நன்றாகவே சாயம் பிடிக்கின்றன.

உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அசினிக் செல் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இதில் 4, 9 ஆம் குரோமோசோம்கள் இடம் மாறி, வேறொரு மரபணுத் தொகுதியின் ஊக்கிப் பகுதி என்ஆர்4ஏ3 மரபணுவுக்கு அருகில் வந்துவிடுகிறது. அதனால் என்ஆர்4ஏ3 அளவுக்கு மீறி வெளிப்படுகிறது. 2019இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. பெரும்பாலும் இணைவு ஆர்.என்.ஏ. (இரண்டு மரபணுக்கள் ஒட்டியதால் வரும் ஆர்.என்.ஏ.) உருவாவதில்லை என்பதால், இணைவை மட்டும் தேடும் ஆர்.என்.ஏ. பேனல் (பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை) இதைத் தவறவிடும். என்ஆர்4ஏ3 சாயமேற்றி ஸ்லைடில் பார்த்தால் கட்டி செல்களின் உட்கருக்கள் அடர்பழுப்பாக நிற்கின்றன. பக்கத்திலேயே உள்ள இயல்பான பரோடிட் (காதருகே உள்ள பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி) செல்களின் உட்கருக்கள் வெறும் நீலம். திசுவை அரைத்து அளந்தால் கட்டி, கொழுப்பு, நிணநீர் செல்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்துபோகும். எந்த செல்லில் மரபணு விழித்திருக்கிறது என்பதை என் கண்ணாலேயே பார்க்க முடிவதற்கு நான் மிகுந்த மதிப்புத் தருகிறேன்.

ஐ.எச்.சி. எல்லா இடத்திலும் போதாது. எம்ஒய்பி என்னும் புரதத்துக்கான சாயம் அடினாய்டு சிஸ்டிக் புற்றுநோயில் மட்டுமல்லாமல் வேறு கட்டிகளிலும் பிடிப்பதால், அதை மட்டும் நம்பி முடிவெழுத மாட்டேன். மியூக்கோஎபிடெர்மாய்டு புற்றுநோயின் சிஆர்டிசி1-எம்ஏஎம்எல்2 இணைவுக்கு ஃபிஷ் (மரபணு இடமாற்றத்தை ஒளிரும் குறிகளால் காட்டும் சோதனை) அல்லது ஆர்.என்.ஏ. சோதனைதான். செக்ரெட்டரி புற்றுநோயில் டிஆர்கே புரதங்களைத் தடுக்கும் லாரோட்ரெக்டினிப் மருந்து தரும் பேச்சு எழுந்தால், அந்தப் புரதங்களைக் காட்டும் பான்-டிஆர்கே சாயத்தோடு நிற்காமல் ஈடிவி6-என்டிஆர்கே3 இணைவை உறுதிசெய்ய வேண்டும். ஆர்.என்.ஏ.வை அளக்கும் இன்னொரு வழியான நிகழ்நேர பி.சி.ஆரில் எனக்குப் பழக்கம் குறைவு. அதைப் பற்றிய என் கருத்துக்கு அதிக எடை தர வேண்டாம்.

பழைய பிளாக்குகளோடு தொடங்குபவர்கள் என்ஆர்4ஏ3, பிஎல்ஏஜி1 இரண்டுக்குமான ஆன்டிபாடிகளை முதலில் வாங்கலாம். பிஎல்ஏஜி1 பிளியோமார்பிக் அடினோமா என்னும் புற்றல்லாத கட்டியைக் கண்டறிய உதவும்; பரோடிட்டில் அடிக்கடி வரும் கட்டியும் அதுதான்.