வெளிநாட்டிலிருந்து வீட்டை வாடகைக்கு விடுவோருக்கான ஆடிட்டர் சேவை: ஒரு மதிப்புரை

சிங்கப்பூரில் பணியாற்றும் நான், சென்னையில் வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்குமாடி வீட்டின் வரிப் பொறுப்புகளை அங்குள்ள ஆடிட்டர் அலுவலகம் ஒன்றிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதன் பெயரை இங்கே தரவில்லை. இத்தகைய சேவையிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வதே என் நோக்கம். ஆண்டு முடிவில் கணக்கு தாக்கல் செய்து தர யாரும் கிடைப்பார்கள். முதல் மாத வாடகை கைமாறும் முன்பே வரிப் பிடித்தத்தை ஒழுங்குபடுத்தித் தருபவர்தான் நமக்குத் தேவை.

காரணம் இதுதான். உரிமையாளர் இந்தியாவில் வசிப்பவரானால், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் தனிநபர் வாடகைதாரர் வரி பிடிக்க வேண்டும். அதுவும் 2 சதவீதம் மட்டுமே. உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியரானால் அந்த வரம்பே கிடையாது. 30 சதவீத வரியும் அதன்மீது செஸ் எனப்படும் 4 சதவீத கூடுதல் வரியும் சேர்த்து 31.2 சதவீதத்தை வாடகைதாரர் பிடித்து அரசுக்குச் செலுத்துவதோடு, அதற்கென டான் (TAN) எனப்படும், வரி பிடிப்பவருக்கான அடையாள எண்ணைப் பெற்று, காலாண்டுதோறும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் வரியும் வட்டியும் அவர் பொறுப்பாகிவிடும். குடும்பத்தோடு குடியேற வரும் ஒருவரிடம் இவ்வளவையும் ஏற்றுவது நியாயமா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. எங்கள் அலுவலகம் வாடகைதாரரைத் தொலைபேசியில் அழைத்துப் பொறுமையாக விளக்கி, டான் விண்ணப்பத்தையும் காலாண்டு அறிக்கைகளையும் தானே செய்து தருகிறது. இந்த ஒன்றுக்காகவே அவர்களை மனமாரப் பாராட்டுவேன்.

பிடித்தம் மொத்த வாடகையின்மீது நடக்கிறது. உண்மையான வரியோ அப்படிக் கணக்கிடப்படுவதில்லை. மாதம் 40,000 ரூபாய் வாடகை வரும் ஒருவருக்கு ஆண்டில் 4,80,000 ரூபாய் வருகிறது. அதில் 1,49,760 ரூபாய் பிடிக்கப்பட்டுவிடும். ஆனால் அவர் செலுத்திய சொத்து வரி 10,000 ரூபாயைக் கழித்து, மீதியில் 30 சதவீத நிலையான கழிவையும் எடுத்துவிட்டால், வரிக்குரிய தொகை 3,29,000 ரூபாய்தான். வேறு வருமானம் இல்லாதபோது, இது 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரிமுறையின் 4 லட்ச ரூபாய் விலக்கு வரம்புக்குள் அடங்கிவிடுவதால், கட்ட வேண்டிய வரியே இல்லை. பிடித்த பணம் முழுவதையும் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும். அதுவரை அது நம் கையில் இராது.

இதற்குத் தீர்வாகக் குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே பெறலாம். அலுவலகம் வாடகை ஒப்பந்தம், பழைய கணக்குகள், மதிப்பீட்டு வருமானம் ஆகியவற்றை வைத்து இணையவழியே விண்ணப்பித்துச் சான்றிதழைப் பெற்றுத் தந்தது. குறை இங்கேதான் வருகிறது. சான்றிதழ் அந்த நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும் என்று தெரிந்திருந்தும், மார்ச்சிலேயே ஆவணங்களைக் கேட்டு வாங்காமல், ஏப்ரல் பிறந்த பிறகே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கினார்கள். இடைப்பட்ட வாடகையில் முழு விகிதத்தில் பிடித்தம் நடந்தது. முன்தேதியிட்டுச் சான்றிதழ் கிடைக்காது என்பதால் இதைச் சிறு தாமதம் என்று ஒதுக்க முடியாது. கணவனும் மனைவியும் கூட்டாக உரிமையாளர்களாக இருந்தால், இருவர் பங்குக்கும் தனித்தனியே பிடித்தமும் சான்றிதழும் தேவைப்படும் என்பதையும் நாங்கள் கேட்ட பிறகே சொன்னார்கள்.

மாதவாரியாக வாடகை, பிடித்தம், செலவு ஆகியவற்றைக் காட்டும் பட்டியல் தருவது நல்ல வழக்கம். சிங்கப்பூரில் வசிக்கும் தனிநபருக்கு வெளிநாட்டு வாடகை வருமானத்தின்மீது அங்கே வரி இல்லையென்பதால் எனக்கு அதன் பயன் குறைவு. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருப்பவர்கள் இதே வருமானத்தை அங்கும் காட்டி, இந்தியாவில் செலுத்திய வரிக்கு ஈடு கோர வேண்டியிருக்கலாம். வரியாண்டு அமெரிக்காவில் ஜனவரியிலும், பிரிட்டனில் ஏப்ரல் 6 அன்றும், இந்தியாவில் ஏப்ரல் 1 அன்றும் தொடங்குவதால், ஆண்டு மொத்தம் மட்டும் கையில் இருந்தால் அவர்களால் எதையும் பிரித்தெடுக்க முடியாது.

வாடகை வருமானத்துக்கு மட்டும் உதவி தேடுவோர், புதுப்பிக்கும் தேதியைத் தாங்களே நினைவூட்ட ஆயத்தமாக இருந்தால், இத்தகைய அலுவலகத்தை நம்பலாம். வீட்டை விற்கும் எண்ணம் உள்ளவர்கள், விற்பனையின்போது தேவைப்படும் பிடித்தச் சான்றிதழும் கட்டணத்தில் அடங்குமா என்று தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். எங்கள் அலுவலகம் அதைத் தனி வேலையாகவே கருதுகிறது.