பரு குழிக்கு ‘பேக்கேஜ்’ பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்

தர்மபுரியில் பரு குழிக்கு வைத்தியம் தேடுகிறவர்கள் கொஞ்சம் படியுங்கள். போன மாம்பழ சீசனில் மாடியில் இருக்கும் ஒரு ஸ்கின் கிளினிக்கில் ஆறு சிட்டிங் லேசருக்கு 36,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். கட்டின பிறகு டாக்டர் கண்ணிலேயே படவில்லை. கோட் போட்ட ஒரு பையன் மொபைலில் போட்டோ எடுத்தான், அவ்வளவுதான் பரிசோதனை.

மூன்றாவது சிட்டிங் முடிந்த சில வாரத்தில் கன்னம் கட்டம் கட்டமாகக் கருத்துவிட்டது, கணக்கு நோட்டுத் தாளை ஒட்டி எடுத்த மாதிரி. “எண்ணெய் தெறிச்சுதாடி?” என்று அம்மா கேட்டார். வெயிலில் போகாதே, சன்ஸ்கிரீன் போடு என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானோ தினமும் வண்டியில் கிருஷ்ணகிரி போய்வருகிறவள். கேட்டால், மீதி மூன்றும் முடித்தால் சரியாகிவிடுமாம்!

அப்புறம்தான் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்தார். “இழுத்தா மறையுது பாருங்க, அடியில நார் பிடிச்சு உள்ளே இழுக்குது. மேல மட்டும் லேசர் அடிச்சா அது விடாது.” அதற்கு சப்சிஷன்: மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் இன்னொரு ஊசியை விட்டு அந்த நாரை அறுப்பது. அறுபடும் சத்தம் நமக்கே நறநறவென்று கேட்கும், ஒரு வாரம் பத்து நாள் முகம் கன்றிப்போய் இருக்கும், ஒரு தடவையில் முடியாது. மூக்கோரம் ஊசி குத்தினது போல ஒடுங்கி ஆழமான குழிகளை 2, 3 மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் வெட்டியெடுத்துத் தையல் போடலாம். குழியின் விளிம்பு செங்குத்தாக இருந்து, குழிக்கு அடியில் தோல் நன்றாக இருந்தால், சுற்றி வெட்டி அந்தத் துண்டையே மேலே தூக்கி மட்டப்படுத்துவார்களாம். ஒரே கன்னத்தில் மூன்று ரகம், அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே லேசர். காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா, பருவுக்கு என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்றுகூட இவர்தான் முதலில் கேட்டார். முழுசாகப் போகாது, குறையும் என்றும் சொல்லிவிட்டார். கருப்பு தெளிந்த பிறகுதான் ஊசி.

பணம் திரும்பக் கேட்டதற்குப் பில்லைக் காட்டச் சொன்னார்கள். அதில் ‘ஃபேஸ் பேக்கேஜ்’ என்று மட்டும் இருக்கிறது, டாக்டர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், நாம் கட்டின பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஜிபேயில் பணம் போனது யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு, அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.